லினக்ஸில் ஃபர்ம்வேர் பொதிப் புதுப்பிப்புகளைப் பாதுகாப்பாகச் சோதிப்பது: முழுமையான வழிகாட்டி

ஃபர்ம்வேர் என்பது வைஃபை அட்டை போன்ற சாதனங்களுக்குள்ளேயே ஓடும் மென்பொருள். அதன் புதுப்பிப்பைச் சோதித்துச் சொல்ல முன்வருகிறவர்களில் பலர் பொதியை நிறுவுகிறார்கள், கணினியை மறுதுவக்கம் செய்கிறார்கள், வைஃபை இணைந்து திரையும் தெரிந்தால் ‘சிக்கல் ஏதும் இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். அவர்களுடைய கெர்னல் (இயக்குதளத்தின் மையக்கரு) பதிவை வாங்கிப் பார்த்தால் சாதனம் பழைய ஃபர்ம்வேரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். நானும் தொடக்கத்தில் இப்படி இரண்டு மூன்று பொய்ச் சான்றுகள் வழங்கியவன்தான்.

வட்டில் இருக்கும் கோப்பு வேறு, சாதனத்துக்குள் ஏறிய கோப்பு வேறு. கீழே உள்ள படிகளின் வரிசை இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்தே அமைந்தது. முதல் மூன்று படிகள் சலிப்பூட்டும். அவற்றைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் பிறகு கறுப்புத் திரையின் முன் உட்கார்ந்திருக்கிறார்கள்.

1. எந்த வகை ஃபர்ம்வேர் என்று முதலில் பிரித்தறியுங்கள்

ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் உலவுகின்றன. முதல் வகை, ‘லினக்ஸ்-ஃபர்ம்வேர்’ போன்ற பொதிகளில் வந்து வட்டில் கோப்பாக உட்கார்ந்திருப்பது. இயக்கி (சாதனத்தைக் கெர்னல் கையாள உதவும் நிரல்) விழிக்கும்போது கெர்னல் அந்தக் கோப்பைப் படித்துச் சாதனத்தின் தற்காலிக நினைவகத்தில் ஏற்றும். மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். ஆகவே பழைய கோப்பை வைத்தால் பழைய நிலை திரும்பிவிடும்.

இரண்டாம் வகை, ‘எஃப்டபிள்யூஅப்டி’ போன்ற கருவிகள் மதர்போர்டிலோ எஸ்எஸ்டியிலோ நிரந்தரமாக எழுதுவது. அதில் பின்வாங்கும் வழி எல்லாச் சாதனங்களிலும் கிடையாது. இந்த வழிகாட்டி முதல் வகைக்கு மட்டுமே. இரண்டையும் ஒரே நாளில் புதுப்பிக்காதீர்கள். எதனால் என்ன கெட்டது என்று பிறகு பிரிக்கவே முடியாது.

இடையில் ஒன்று உண்டு: சிபியு மைக்ரோகோட், அதாவது செயலிக்குள் ஏறும் திருத்த நிரல். அதுவும் ஒவ்வொரு துவக்கத்திலும் புதிதாக ஏறுவதுதான். ஆனால் கெர்னல் கண் திறக்கும் நேரத்திலேயே ஏறிவிடும் என்பதால், கோளாறானால் கணினி துவங்காமலேயே போகலாம். அதைத் தனியாக, கடைசியாகச் சோதியுங்கள். கிரப் பட்டியலில் (துவக்கத்தில் கெர்னலைத் தேர்ந்தெடுக்கும் திரையில்) கெர்னல் வரியோடு ‘டிஐஎஸ்_யுகோட்_எல்டிஆர்’ என்ற தெரிவைச் சேர்த்தால் மைக்ரோகோட் ஏற்றப்படாமல் துவங்கும். இதை முன்பே ஒரு தாளில் எழுதி வையுங்கள். தேவைப்படும் நேரத்தில் தேடிப் பார்க்கக் கணினி இருக்காது.

2. இப்போதைய நிலையைப் பதிவு செய்யுங்கள்

முன்பு எப்படி இருந்தது என்று தெரியாமல், பின்பு என்ன மாறியது என்று சொல்ல முடியாது. இதற்குப் பத்து நிமிடம் போதும்.

‘எல்எஸ்பிசிஐ’ கட்டளையை இயக்கிகளையும் காட்டும் தெரிவோடு ஓட்டி, எந்தச் சாதனத்துக்கு எந்த இயக்கி என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ‘மோட்இன்ஃபோ’ கட்டளையில் ஃபர்ம்வேர் புலத்தை மட்டும் கேளுங்கள். ஓர் இயக்கி கேட்கக்கூடிய கோப்புகளின் பெயர்கள் வரிசையாக வரும். அந்தப் பட்டியல் நீளமாக இருப்பதைக் கண்டு மிரள வேண்டாம். அவை கேட்கக்கூடியவை மட்டுமே, கேட்டவை அல்ல.

உண்மையில் எது ஏறியது என்பதைக் கெர்னல் பதிவுதான் சொல்லும். ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளையைக் கெர்னல் செய்திகளுக்கும் நடப்புத் துவக்கத்துக்கும் சுருக்கி, முழு வெளியீட்டையும் ஒரு கோப்பில் சேமியுங்கள். இன்டெல் வைஃபை இயக்கி ஏற்றிய பதிப்பு எண்ணைத் தானே எழுதிவைக்கும். கம்பிவழி நெட்வொர்க் அட்டைக்கு ‘ஈத்டூல்’ கட்டளையின் இயக்கித் தகவல் தெரிவு பதிப்பைக் காட்டும். ஏஎம்டி கிராஃபிக்ஸ் இருந்தால், டீபக்எஃப்எஸ் (கெர்னல் தன் உள்நிலையைக் காட்டும் இடம்) அடைவுக்குள் ‘ஏஎம்டிஜிபியு_ஃபர்ம்வேர்_இன்ஃபோ’ என்றொரு கோப்பு இருக்கிறது. ரூட்டாக, அதாவது நிர்வாகி உரிமையோடு திறந்தால் அட்டையின் ஒவ்வொரு பகுதிக்கும் ஏறிய பதிப்பு தனித்தனியே தெரியும். இதைவிட நம்பகமான சான்று வேறில்லை.

கடைசியாக, அந்தக் கோப்புகள் எந்தப் பொதியைச் சேர்ந்தவை என்று பாருங்கள். டெபியன் குடும்பத்தில் ‘டிபிகேஜி’, ஃபெடோராவிலும் ஓபன்சூசேயிலும் ‘ஆர்பிஎம்’, ஆர்ச்சில் ‘பேக்மேன்’ இதற்கு விடை சொல்லும். இன்று பெரும்பாலான வழங்கல்களில் ஃபர்ம்வேர் ஒரே பெரிய பொதியாக வருவதில்லை. தயாரிப்பாளர் வாரியாகவும் சாதன வாரியாகவும் பிரிந்திருக்கிறது. உங்களிடம் இல்லாத சாதனத்தின் பொதியைச் சோதித்ததாகச் சொல்வதில் யாருக்கும் பயனில்லை.

இங்கே புதியவர்கள் தடுக்கிவிழும் ஒரு கல் உண்டு. ‘நேரடி ஃபர்ம்வேர் ஏற்றம் தோல்வி, பிழை -2’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி பதிவில் இருக்கும். -2 என்றால் அந்தப் பெயரில் கோப்பு இல்லை என்று மட்டுமே பொருள். இன்டெல் வைஃபை இயக்கி தனக்குத் தெரிந்த மிக உயர்ந்த எண்ணுள்ள கோப்பைக் கேட்கும், கிடைக்காவிட்டால் ஒவ்வொரு எண்ணாக இறங்கி வரும். நான்கு தோல்வி வரிகளுக்குப் பிறகு ஒரு வெற்றி வரி வந்தால் எல்லாம் ஒழுங்காகவே நடந்திருக்கிறது. புதுப்பிப்பதற்கு முன்பே இந்த வரிகள் இருந்தனவா என்று உங்கள் சேமிப்பு காட்டிக்கொடுக்கும். இல்லாவிட்டால் பழைய வரியைப் புதிய பிழை என்று புகார் செய்வீர்கள்.

3. திரும்பி வரும் பாதையை அமைத்து, ஒருமுறை நடந்தும் பாருங்கள்

பழைய பொதியை உங்கள் வட்டில் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். வைஃபை ஃபர்ம்வேர் கெட்டால் பழைய பொதியை இறக்கிக்கொள்ள வைஃபை இருக்காது. கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கும். மாட்டிக்கொண்டவர்களுக்குச் சிரிப்பு வராது.

தற்காலிகச் சேமிப்பில் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ஆர்ச்சின் ‘பேக்மேன்’ பழைய பொதிகளை வைத்திருக்கும். ஆனால் ‘ஆப்ட்’ கட்டளையும் ‘டிஎன்எஃப்’ கட்டளையும் நிறுவி முடித்தவுடன் இறக்கிய பொதியை இயல்பாகவே அழித்துவிடும். வழங்கல் தன் பொதிகளை வைத்திருக்கும் களஞ்சியத்தில் பழைய பதிப்பு இல்லையென்றால் டெபியனுக்கு ஸ்னாப்ஷாட் களஞ்சியம், ஃபெடோராவுக்குக் கோஜி என்ற பொதி உருவாக்கத் தளம், ஆர்ச்சுக்கு அதன் பொதிக் காப்பகம் ஆகியவற்றிலிருந்து எடுக்கலாம்.

அடுத்தது இனிட்ராம்எஃப்எஸ். வேர்க் கோப்புமுறை ஏற்றப்படுவதற்கு முன்பே கெர்னல் பயன்படுத்தும் சிறு படிமம் அது. கிராஃபிக்ஸ் இயக்கி பெரும்பாலும் அதற்குள்ளிருந்தே எழுகிறது, ஃபர்ம்வேரையும் அங்கிருந்தே எடுக்கிறது. இப்போது நன்றாக இயங்கும் படிமத்தை ‘/பூட்’ அடைவிலேயே வேறு பெயரில் நகலெடுத்து, அதைச் சுட்டும் ஒரு தனி வரியைத் துவக்கப் பட்டியலில் சேருங்கள். பழைய கெர்னல் ஒன்று நிறுவப்பட்டிருந்தால், அதன் படிமத்தைத் தொடாமல் விட்டுவைப்பதும் இதே வேலையைச் செய்யும். இது எல்லாவற்றையும் காப்பாற்றாது. படிமத்துக்குள் இல்லாத ஃபர்ம்வேர் வட்டிலிருந்தே ஏறும் என்பதால், வைஃபை போன்றவை புதிய கோப்பையே எடுக்கும்.

நகலெடுக்கும் முன் ‘/பூட்’ பகிர்வில் எவ்வளவு இடம் மீதம் என்று பாருங்கள். ஃபர்ம்வேர் வளர வளரப் படிமமும் பெருக்கிறது. இடம் நிரம்பினால் புதிய படிமம் பாதியில் நின்றுபோகும். அரைகுறைப் படிமத்தோடு மறுதுவக்கம் செய்தவர் ஃபர்ம்வேரைத் திட்டிப் பயனில்லை.

பிடிஆர்எஃப்எஸ் கோப்புமுறையில் ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்து நிலையின் சேமிப்பு) வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘/பூட்’ தனிப் பகிர்வாக இருந்தால் ஸ்னாப்ஷாட் அதைத் தொடாது. வேர் அடைவு நேற்றைய நிலைக்குத் திரும்பும், படிமம் இன்றையதாகவே இருக்கும்.

கிராஃபிக்ஸ் சோதனை என்றால் இன்னொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் என்ற தொலைநுழைவு முறை வழியாக உள்ளே வரும் வாய்ப்பையும் திறந்து வையுங்கள். திரை இருண்டாலும் கணினி உயிரோடிருக்கும் நிகழ்வுகள் அதிகம். அந்த நேரத்தில் உள்ளே புகுந்து எடுக்கும் பதிவுதான் மிகவும் மதிப்புள்ளது. கூடவே ஒரு நேரடித் துவக்க யுஎஸ்பியும் இருக்கட்டும்.

இவை எல்லாவற்றையும் அமைத்த பின், புதுப்பிப்பதற்கு முன்பே அந்தத் தனித் துவக்க வரியைத் தேர்ந்தெடுத்து ஒருமுறை துவங்கிப் பாருங்கள். பார்க்காத கயிற்றை நம்பிக் கிணற்றில் இறங்கக் கூடாது.

4. ஃபர்ம்வேரைத் தவிர வேறெதையும் அசைக்காதீர்கள்

சோதனைக் களஞ்சியத்தை நிரந்தரமாகத் திறந்து வைத்து முழுக் கணினியையும் புதுப்பிப்பதுதான் நான் மிக அதிகமாகப் பார்த்த தவறு. கெர்னல், மேசா (கிராஃபிக்ஸ் நூலகம்), ஃபர்ம்வேர் மூன்றும் ஒன்றாக மாறிய பின் திரை நடுங்கினால் மூன்றில் யாரைப் பிடிப்பது?

ஃபெடோராவில் அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் சோதனைக் களஞ்சியத்தை இயக்கி, ஃபர்ம்வேர் பொதிகளை மட்டும் பெயர் சொல்லிப் புதுப்பியுங்கள். உபுண்டுவில் ‘ப்ரொபோஸ்டு’ பகுதியிலிருந்து அந்தப் பொதியை மட்டும் எடுங்கள். டெபியனில் முன்னுரிமைக் கோப்பு மூலம் மற்ற பொதிகள் ஊடே வருவதைத் தடுக்கலாம். கெர்னலை அசையாமல் நிறுத்த ‘ஆப்ட்-மார்க்’ கட்டளையின் ஹோல்ட், ‘டிஎன்எஃப்’பின் வெர்ஷன்லாக், ‘ஸிப்பர்’ பூட்டு என ஒவ்வொரு வழங்கலிலும் ஒரு வழி உண்டு. ஒரே மூலத்திலிருந்து வந்த ஃபர்ம்வேர் துணைப் பொதிகளை மட்டும் சேர்த்தே நகர்த்துங்கள். பாதி பழையது, பாதி புதியது என்ற கலவையை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள்.

‘ஆம்’ என்று அழுத்தும் முன், என்ன நீக்கப்படும், என்ன புதிதாக வரும் என்ற பட்டியலைப் படியுங்கள். 2025 ஜூனில் ஆர்ச் தன் ஃபர்ம்வேர் பொதியைப் பிரித்தபோது, என்விடியா கோப்புகளின் அமைப்பு மாறியதால் கோப்பு மோதல் ஏற்பட்டுப் புதுப்பிப்பு நின்றது. பழைய பொதியை நீக்கிவிட்டுப் புதியதை நிறுவுவதே தீர்வாக அறிவிக்கப்பட்டது. இந்த இரண்டுக்கும் நடுவில் மறுதுவக்கம் செய்தால், ஃபர்ம்வேரே இல்லாத கணினியில் கண் விழிப்பீர்கள்.

5. ஒரே ஒரு கோப்பை மட்டும் சோதிக்க வேண்டுமானால்

சில வேளைகளில் முழுப் பொதியும் வேண்டாம், ஒரு கோப்பு போதும். கெர்னல் ‘/லிப்/ஃபர்ம்வேர்’ அடைவைப் பார்க்கும் முன், அதற்குள் இருக்கும் ‘அப்டேட்ஸ்’ என்ற துணை அடைவைப் பார்க்கிறது. சோதனைக் கோப்பை அங்கே, அதே உட்பாதையில் வைத்தால் பொதியின் கோப்பைத் தொடாமலேயே புதியதை ஏற்றலாம். கோப்பை நீக்கினால் பழையபடி ஆகிவிடும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கெர்னல் முதலில் சுருக்கப்படாத கோப்பை எல்லா அடைவுகளிலும் தேடுகிறது. அதன் பிறகே சுருக்கப்பட்டவற்றைத் தேடுகிறது. ஆகவே ‘அப்டேட்ஸ்’ அடைவில் வைக்கும் கோப்பை எப்போதும் விரித்தே வையுங்கள். சுருக்கியதை அங்கே வைத்து, சுருக்காதது கீழே இருந்தால், கீழே உள்ளதே வெல்லும்.

இன்னொன்று மறதி. ஆறு மாதம் கழித்து ‘எத்தனை முறை புதுப்பித்தாலும் என் வைஃபை ஃபர்ம்வேர் மாறவில்லை’ என்று ஒருவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். ‘அப்டேட்ஸ்’ அடைவைத் திறந்தால் அவரே வைத்த கோப்பு அங்கே உட்கார்ந்திருக்கும்.

6. நிறுவியபின் படிமத்தைப் புதுப்பித்து, அதற்குள் எட்டிப் பாருங்கள்

பொதி நிறுவும்போது படிமம் தானாகவே புதுப்பிக்கப்படலாம், படாமலும் போகலாம். நம்பாதீர்கள். டெபியன் குடும்பத்தில் ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்’, ஃபெடோராவில் ‘டிராகட்’, ஆர்ச்சில் ‘எம்கேஇனிட்சிபிஐஓ’ ஆகியவற்றால் நீங்களே உருவாக்குங்கள்.

முதல் கட்டளை இயல்பாக மிகப் புதிய கெர்னலின் படிமத்தை மட்டும் மாற்றும். ‘டிராகட்’ நடப்புக் கெர்னலுக்கு மட்டும் செய்யும். நமக்கு இது வசதியே: பழைய கெர்னலின் படிமம் பின்வாங்கும் வழியாக அப்படியே நிற்கும். ‘எல்லாக் கெர்னலுக்கும்’ என்ற தெரிவைப் பழக்கத்தில் சேர்த்துவிட்டால், மூன்றாம் படியில் செய்ததெல்லாம் ஒரே நொடியில் போய்விடும்.

பிறகு படிமத்தின் உள்ளடக்கத்தைப் பட்டியலிடும் கட்டளையை ஓட்டுங்கள். மூன்று குடும்பங்களிலும் அது ‘எல்எஸ்இனிட்’ என்று தொடங்கும். உங்கள் சாதனத்தின் கோப்பு உள்ளே இருக்கிறதா என்று தேடுங்கள். வைஃபை கோப்பு அங்கே இல்லாவிட்டால் கவலையில்லை. கிராஃபிக்ஸ் இயக்கி உள்ளே இருந்து, அதன் ஃபர்ம்வேர் மட்டும் இல்லையென்றால் அங்கேயே நில்லுங்கள். மறுதுவக்கம் செய்யாதீர்கள்.

7. மறுதுவக்கம் போதாது, முழுமையாக அணையுங்கள்

சில சாதனங்கள் மறுதுவக்கத்தின்போது மின்சாரத்தை இழப்பதில்லை. புளூடூத் அட்டைகள் இதில் பேர்போனவை. ஏற்கனவே ஃபர்ம்வேரோடு இருக்கும் சாதனத்தைப் பார்த்த இயக்கி, ‘வேலை முடிந்திருக்கிறது’ என்று ஒதுங்கிவிடும். பழையதே ஓடும், நீங்களோ புதியதைச் சோதித்ததாக நினைப்பீர்கள்.

எனவே கணினியை அணைத்து, மேசைக் கணினியானால் மின்கம்பியைப் பிடுங்கி அரை நிமிடம் காத்திருந்து, பிறகு துவக்குங்கள்.

8. ஏறியது எது என்று உறுதிசெய்யுங்கள்

இரண்டாம் படியில் எடுத்த அத்தனை சான்றுகளையும் மீண்டும் எடுத்து, பழையதோடு ஒப்பிடுங்கள். பதிப்பு மாறியிருந்தால் மட்டுமே சோதனை தொடங்கியிருக்கிறது.

மாறவில்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள். முதலில், உங்கள் சாதனத்தின் கோப்பு இந்தப் புதுப்பிப்பில் உண்மையிலேயே மாறியிருக்கிறதா? மாறாமல் இருப்பதே வழக்கம். பழைய பொதியையும் புதியதையும் விரித்து, அந்தக் கோப்புகளின் எஸ்எச்ஏ-256 மதிப்புகளை (கோப்பின் கைரேகை போன்றவை) ஒப்பிட்டால் தெரியும். ஒன்றாக இருந்தால் உங்களால் சோதிக்க எதுவும் இல்லை, மூட்டையைக் கட்டலாம்.

மாறியிருக்கிறது என்றால், படிமம் பழையதா, ‘அப்டேட்ஸ்’ அடைவில் ஏதும் மிச்சமா, கணினி முழுமையாக அணைந்ததா என்று பாருங்கள். எல்லாம் சரி என்றால் கடைசிச் சந்தேகம் கெர்னல்மீது. புதிய ஃபர்ம்வேர் கோப்பின் பெயரில் உள்ள எண், உங்கள் இயக்கிக்குத் தெரிந்த உச்ச எண்ணைவிடப் பெரியதாக இருந்தால் இயக்கி அதைக் கேட்கவே கேட்காது. புதிய கெர்னல் வரும்வரை அந்தக் கோப்பு வட்டில் வெறுமனே தூங்கும்.

மெய்நிகர் கணினியில் சோதிக்கலாமே என்று அடிக்கடி கேட்கிறார்கள். பொதி ஒழுங்காக நிறுவப்படுகிறதா, கோப்பு மோதல் உண்டா என்பதை அங்கே பார்க்கலாம். ஃபர்ம்வேரைப் பார்க்க முடியாது. அதை ஏற்றிக்கொள்ளச் சாதனமே அங்கு இல்லை.

9. சாதனத்துக்கு வேலை கொடுங்கள்

துவங்கியது என்பது மிகக் குறைந்த சோதனை. ஃபர்ம்வேர் கோளாறுகள் நிலை மாறும்போதுதான் வெளிப்படும். தூக்கத்துக்குப் போய் எழுவது அவற்றில் முதலாவது. ‘ஆர்டிசிவேக்’ கட்டளையால் ஒரு நிமிடம் தூங்கி எழும்படி செய்து, பத்து இருபது முறை திருப்புங்கள். முதல் ஐந்து முறை எழுந்து ஆறாவது முறை எழாமல் போகும் கணினிகள் உண்டு.

வைஃபைக்குப் பெரிய கோப்பு ஒன்றை நகர்த்துங்கள். இணைப்பைத் துண்டித்து மீண்டும் இணையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டிலும் பாருங்கள். வைஃபையும் புளூடூத்தும் ஒரே அட்டையில் இருந்தால், பாட்டு ஓடும்போதே கோப்பை நகர்த்திப் பாருங்கள். கிராஃபிக்ஸுக்கு வெளித்திரையைச் செருகி எடுப்பது, வன்பொருள்வழி வீடியோ, ஏதேனும் ஒரு முப்பரிமாண நிரல் ஆகிய மூன்றும் வேண்டும். வீடியோவுக்கும் படம் வரைவதற்கும் ஒரே அட்டையில் வெவ்வேறு ஃபர்ம்வேர் கோப்புகள் என்பதால் ஒன்று சரியாக இருப்பது மற்றொன்றுக்குச் சான்றாகாது.

இவ்வளவும் நடக்கும்போது மற்றொரு முனையத்தில் கெர்னல் பதிவு ஓடிக்கொண்டிருக்கட்டும். சாதனம் தானாக மீண்டெழுந்துவிட்டால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஒரு நொடித் தயக்கம்போல் கடந்துபோகும். பதிவில் மட்டும் ‘மறுதுவக்கம்’, ‘காலம் கடந்தது’ என்ற பொருளுள்ள ஆங்கில வரிகள் நிற்கும். குறைந்தது இரண்டு மூன்று நாள் வழக்கமான வேலையையும் அந்தக் கணினியிலேயே செய்யுங்கள்.

10. கெட்டுப்போனால்

முதலில் பதிவு, அதன் பிறகே பின்வாங்கல். நல்ல படிமத்தில் துவங்கி, ‘ஜர்னல்சிடிஎல்’ வழியாக முந்தைய துவக்கத்தின் கெர்னல் செய்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். பதிவு வட்டில் நிரந்தரமாகச் சேமிக்கப்பட்டால்தான் இது முடியும். ‘/வார்/லாக்/ஜர்னல்’ அடைவு இருக்கிறதா என்று சோதனைக்கு முன்பே பாருங்கள். திரையே வராவிட்டால், கெர்னல் வரியில் ‘நோமோட்செட்’ சேர்த்து எளிய காட்சியில் துவங்கலாம்.

பழைய பொதியை நிறுவுங்கள், படிமத்தை மீண்டும் உருவாக்குங்கள், முழுமையாக அணைத்துத் துவக்குங்கள். நடுவில் உள்ளதை மறந்துவிட்டு ‘பழையதும் கெட்டுவிட்டது’ என்று குழம்பியவர்கள் பலர்.

சிக்கல் தீர்ந்ததா? இன்னும் நம்பாதீர்கள். புதியதை மறுபடி நிறுவி, சிக்கல் திரும்புகிறதா என்று பாருங்கள். பழையதில் நன்றாக, புதியதில் கெட்டு, பழையதில் மீண்டும் நன்றாக, புதியதில் மீண்டும் கெட்டு: இந்த ஊசலாட்டம் கிடைத்தால் உங்கள் புகாரை யாரும் தட்டிக்கழிக்க முடியாது. பொறுமை இருந்தால், பழைய பொதியின் மேல் புதிய கோப்புகளை ஐந்தாம் படியில் சொன்னபடி ஒவ்வொன்றாக வைத்து, குற்றவாளிக் கோப்பையே பிடித்துக் கொடுக்கலாம். கிராஃபிக்ஸ் கோப்புகளில் சில ஒன்றையொன்று சார்ந்தவை. அவற்றை மட்டும் தொகுதியாக மாற்றுங்கள்.

11. அறிக்கை

வன்பொருளின் பெயரும் பிசிஐ அடையாள எண்ணும், கெர்னல் பதிப்பு, பழைய புதிய பொதிப் பதிப்புகள், ஏறியதைக் காட்டும் பதிவு வரிகள், நீங்கள் செய்த சோதனைகள். இவ்வளவு போதும். ஃபெடோராவில் இது போதி என்ற புதுப்பிப்புச் சோதனைத் தளத்தில் கர்மா எனும் மதிப்பாகவும், உபுண்டுவில் லாஞ்ச்பேட் என்ற தளத்தில் வழுவின் சரிபார்ப்புக் குறிச்சொல்லாகவும் பதியும்.

ஃபர்ம்வேர் கோப்புகள் பெரும்பாலும் மூலநிரல் வெளிவராத இருமக் கோப்புகள். வழங்கலின் பராமரிப்பாளரால் அவற்றைத் திருத்த முடியாது. பழையதை மீட்டு வைப்பதும் தயாரிப்பாளருக்குச் சொல்வதும்தான் அவருடைய கையில் உள்ளன. எந்தக் கோப்பு என்று நீங்கள் சொன்னால் அவர் அதை மட்டும் பின்னிழுக்கலாம். சொல்லாவிட்டால் முழுப் புதுப்பிப்பும் தேங்கும். பதிவைப் பகிரும் முன் அதிலுள்ள எம்ஏசி முகவரிகளையும் வைஃபை பெயர்களையும் மறைத்துவிடுங்கள்.

12. துப்புரவு

சோதனைக் களஞ்சியம் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். ‘அப்டேட்ஸ்’ அடைவைக் காலி செய்து, அதில் ஏதேனும் இருந்திருந்தால் படிமத்தை மறுபடி உருவாக்குங்கள். கெர்னலுக்கும் ஃபர்ம்வேருக்கும் போட்ட பூட்டுகளைக் கழற்றுங்கள். மறந்த பூட்டு பாதுகாப்புத் திருத்தங்களையும் சேர்த்தே தடுக்கும். நகலெடுத்த படிமத்தையும் அதன் துவக்க வரியையும் மட்டும் அடுத்த கெர்னல் புதுப்பிப்பு வரை விட்டுவையுங்கள்.